ஹேமநாதனைப் பார்த்துச் சிரிக்காதவள்

"மூணு நாளா எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ மட்டும் உம்முனு இருக்கியேம்மா! இன்னிக்கு உன்னைச் சிரிக்க வைக்காம விடமாட்டேன்" என்றார் ஹேமநாதன். நாற்பது வருடமாக ஊரையே சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர். அவர் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள் புனிதா. அவள் பார்வை கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த செம்பனை மரத்திலும், அதை ஒட்டிப் போகும் கரண்டு கம்பியிலும் இருந்தது.

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் திடலில் பந்தாட்டப் படத்தின் ஷூட்டிங். மரத்தில் சிக்கிய பந்தைக் கோல்கீப்பராக நடிக்கும் ஹேமநாதன் மூங்கில் கழியால் தட்டி எடுக்க வேண்டும். முதல் டேக்கிலேயே மூங்கில் முறிந்தது. உடனே எந்தப் புண்ணியவானோ நுனியில் அரிவாள் கட்டிய, செம்பனைக் குலை வெட்டுகிற நீள அலுமினியக் கம்பைக் கொண்டுவந்து நீட்டினான். அடப்பாவி! மேலே பார்க்காமல் அந்தக் கம்பைத் தூக்கலாமா? ஒரே ஒருநாள் பார்க்க மறந்தார், குலை வெட்டும் வேலை பார்த்த புனிதாவின் அப்பா ராமசாமி. அவர் கரண்டு அடித்துச் செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

டைரக்டர் தேவனிடம் ஓடினாள். "சார், அந்தக் கம்பு வேணாம் சார்! மேல கரண்டு!"

"அஞ்சு நிமிஷ வேலைலா. ஓரமா நில்லு. ஆக்‌ஷன்!"

ஹேமநாதன் கம்பைத் தூக்கித் தள்ளாடினார். வேடிக்கை பார்த்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "கீழ போடுங்க ஐயா!" என்று புனிதா கத்தியது யார் காதிலும் விழவில்லை. கையை ஆட்டினாள். ஹேமநாதன் அவளைப் பார்த்தார். இன்னும் சிரிக்கவில்லையா இவள்? கம்பை இன்னும் உயர்த்திச் சுழற்றினார். நுனி அரிவாளுக்கும் கம்பிக்கும் ஒரு முழம்கூட இல்லை.

புனிதாவுக்குப் புரிந்தது. நான் சிரிக்காதவரை இந்த மனுஷன் கம்பை இறக்கமாட்டார்.

சிரித்தாள். அப்பாவின் முகம் கண்ணுக்குள் நிற்க, வாயை அகலத் திறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஹேமநாதன் முகம் மலர்ந்தது. கம்பைத் தரையில் கிடத்திவிட்டு அவளிடம் வந்தார். "பார்த்தியா, சிரிச்சிட்டே!"

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள் புனிதா. விரல் மட்டும் மேலே காட்டியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சூப்பர் சார்! இன்னொரு டேக்!" என்றார் தேவன்.

ஹேமநாதன் திரும்பிப் போய், யாரும் எடுக்க முடியாதபடி அந்தக் கம்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.