பினாயில் சார் வீட்டில் ஊதா விளக்கு

படையணியில் அவருக்குப் பினாயில் சார் என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. சுத்தத்துக்குப் பேர் போவதில் என்ன கெட்டுவிட்டது?

எங்கோ பக்கத்தில் அணுகுண்டு விழுந்துவிட்டது, அதன் தூசி தலைமேல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை பழகும் நாள் அது. ரப்பர் உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு லாரியிலிருந்து பெட்டிகளை இறக்க வேண்டும், வயர்லெஸ் கம்பம் நட வேண்டும். தூசிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியை எல்லாவற்றின் மேலும் தூவியிருப்பார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லாத பொடிதான், ஆனால் ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக மின்னும். வேலை முடிந்ததும் கழுவும் வரிசை. முதலில் பூட்ஸ், அப்புறம் உடுப்பு, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் முகமூடி. அந்த வரிசைக்குப் பொறுப்பு பினாயில் சார்.

முகமூடிக்குள்ளிருந்து திட்டினால் யாருக்குக் கேட்கிறது? அதனால் திட்டு வரும்போதெல்லாம் அவர் கையுறைக் கையாலேயே முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். திட்டு அடிக்கடி வந்தது. நடுநடுவே இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கடைசி ஆளும் கழுவிப் போனதும், அவரைக் கழுவிவிட ஆள் இல்லை. பயிற்சிதான் முடிந்துவிட்டதே என்று உடுப்பைத் தானே உரித்துப் போட்டுவிட்டு இருட்டுக் கூடாரத்துக்குள் போனார்.

கூடாரத்தில் ஊதா விளக்கு அவர் கையில். ஒவ்வொருவராக வந்து நின்று, திரும்பிக் காட்டிவிட்டுப் போனார்கள். வயர்லெஸ்காரனின் காதுமடலுக்குப் பின்னால் மட்டும் மிளகளவு பச்சை. அது போதாதா அவருக்கு? அவனை ஸ்டூல்மேல் ஏற்றி, எல்லோரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார்.

"நல்லா பாருங்கடா. இவன் செத்துட்டான். இவன் மட்டும் செத்தா பரவால்ல, இப்படியே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையத் தூக்கியிருப்பான். பொறுப்பில்லாத பய!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மாதக் குழந்தைக்குத் தகப்பனான வயர்லெஸ்காரன் ஸ்டூல்மேல் தலை குனிந்து நின்றான். விளக்கைப் பிடித்திருப்பவர் மேல் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் அவரே அந்த விளக்கை வீட்டுக்கு வரவழைத்தார். அந்த மாய விளக்கைக் காட்டு என்று மகள் வெகு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது வயர்லெஸ்காரன். வேறு ஆளா இல்லை? இல்லாமல் என்ன, காது விஷயத்தை வீட்டிலும் ஒருமுறை சொல்லிச் சிரிக்க அவனும் பக்கத்தில் இருந்தால்தானே ருசி. அவர் குணம் அப்படி.

"இந்த மாமா காது பச்சையா மின்னுச்சு பாப்பா. மின்னுச்சுன்னா என்ன அர்த்தம்? ஆள் காலி!" என்றார்.

பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். வயர்லெஸ்காரனும் சிரித்துவைத்தான். அவர் மனைவி சிரிக்கவில்லை. "வந்தவரை நிக்க வச்சே பேசறீங்களே, உக்காரச் சொல்லுங்க" என்றபடி ஜன்னல்களைச் சாத்தினாள். வயர்லெஸ்காரன் விளக்கைப் போட்டான்.

கதவின் கைப்பிடி பச்சையாக இருந்தது. மின்விசிறி சுவிட்ச் பச்சை. மதியம் அவர் தண்ணீர் குடித்த டம்ளரைச் சுற்றி ஐந்து விரலும் பச்சை. மனைவியின் தோளில், வந்ததும் அவர் கை வைத்த இடத்தில், ஒரு முழு உள்ளங்கை. நாற்காலி முதுகில் அந்த இடுப்புத் துண்டு திட்டுத்திட்டாக மின்னிக்கொண்டிருந்தது. சாப்பிட்டதும் பாப்பாவின் வாயை அதனால்தான் துடைத்துவிட்டிருந்தார்.

பாப்பாவின் வாயைச் சுற்றிலும் பச்சை. அவர் கிள்ளிக் கொஞ்சிய இரண்டு கன்னங்களிலும் பச்சை.

"இதுதான் அந்தப் பொடியா?" என்றாள் மனைவி, மெதுவாக.

சுவர்க் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை மின்னியது. காலையிலிருந்து ஓயாமல் திட்டிய வாயைச் சுற்றித்தான் அதிகம். வயர்லெஸ்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சும்மா கனைத்திருந்தால்கூட, அவன்மேல் எரிந்து விழுந்து அந்த அவமானத்திலிருந்து தப்பித்திருப்பார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாப்பா பச்சை ஒட்டியிருந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒரே குஷி.

"அப்பா! நானும் மின்னுறேன்! அப்ப நானும் காலியா?"

விளையாட்டில் தன் முறை வந்துவிட்ட மாதிரி அவள் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள்.

"சொல்லுங்கப்பா, நான் காலியா?"

விளக்கு அணைந்தது.

"பேட்டரி தீந்துபோச்சு பாப்பா. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றான் வயர்லெஸ்காரன் இருட்டில்.

பேட்டரி தீரவில்லை. வீட்டுக்குக் கிளம்புமுன் அவரே பக்கத்தில் நின்று முழுக்க ஏற்றவைத்த பேட்டரி அது. ஸ்டூல்மேல் நின்றவன் இப்போது தன்னை அதிலிருந்து இறக்கிவிடுகிறான் என்று அவருக்குப் புரிந்தது. அவன் திருப்பித் திட்டியிருந்தால் இந்த அளவுக்குக் கூசியிருக்காது.

இருட்டில் பாப்பா தட்டுத் தடுமாறி அவரிடம் வந்தாள். "அப்பா, தூக்கு" என்றாள்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.