கம்ப்ரசர் அறை வாசலில் ஒரு சிதேக்கியா

கடப்பாரை மறுபடியும் வழுக்கியது. முகத்தில் கட்டியிருந்த ஈரத் துண்டை இறுக்கிக்கொண்டு, ஐஸ் ஃபேக்டரி மேனேஜர் பூட்டை நோக்கி இன்னொரு அடி போட்டார். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், கம்ப்ரசர் அறையில், வெடித்த குழாயிலிருந்து அமோனியா சீறிக்கொண்டிருந்தது. வால்வை மூட உள்ளே போன மெக்கானிக்கும் அங்கேதான் இருந்தான். மேனேஜரின் மனைவிக்குத் தம்பி.

உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். உயிரோடுதான் இருக்கிறான்.

"கதவிடுக்குல தண்ணிய அடிங்கப்பா, நிறுத்தாதீங்க."

"நாங்க அடிச்சிட்டுத்தான் இருக்கோம் சார்," என்றான் குழாய் பிடித்திருந்த லோடுமேன். "நீங்க அடிக்கிறதுதான் ஒண்ணுகூட பூட்டுல விழல."

மேனேஜர் மறுபடியும் கடப்பாரையை ஓங்கினார்.

போன வாரமே மெக்கானிக் சொல்லிவிட்டான், குழாய் இற்றுப்போய்விட்டது, மெஷினை ஓட்டக் கூடாது என்று. அதைக்கூட மேனேஜர் ஆபீசில் வைத்துக் கேட்கவில்லை. காரில் ஏற்றி, கண்ணாடியை மூடிவிட்டுக் கேட்டார்.

"நீ சொல்றது நியாயம்தான்டா. நான் உங்கிட்ட கேட்டேன்னு சின்ன முதலாளி காதுல மட்டும் விழுந்துடக் கூடாது."

மெக்கானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பைபிள்ல சிதேக்கியான்னு ஒரு ராஜா இருக்காரு மச்சான். தீர்க்கதரிசிய ரகசியமா கூப்பிட்டு வச்சு யோசனை கேப்பாரு. அப்புறம் தன் கீழ இருக்கிற அதிகாரிங்களுக்கே பயந்துக்கிட்டு, அந்த ஆளை அவங்க கையில விட்டுடுவாரு. அவங்க கொண்டுபோய் சேத்துக் குழியில இறக்குவாங்க. ராஜா கெட்டவர்லாம் இல்ல. முதுகெலும்புதான் கிடையாது."

இன்று காலை சின்ன முதலாளி "ஓட்டு" என்றார். மேனேஜரின் தலை தானாக ஆடியது.

"ஏங்க, எங்கங்க அவன்?"

மனைவி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கேட்டருகே காரில் சாய்ந்து நின்ற சின்ன முதலாளியை அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கதவில் காதை வைத்தாள். தட்டல் தளர்ந்துகொண்டே வந்தது.

"அக்கா வந்துட்டேன்டா. மச்சான் உடைச்சிட்டு இருக்காரு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

நீண்ட இருமல். பிறகு, கிழிந்த குரல்:

"கடப்பாரை வேணாம்னு சொல்லுக்கா."

அவள் கணவரைப் பார்த்தாள். "என்னங்க சொல்றான் இவன்?"

மேனேஜரின் கண்கள் அப்போதும் சின்ன முதலாளியின் முகத்தைத்தான் தேடின. சின்ன முதலாளி, இன்னும் வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

"வாயு தெருவுக்குப் போனா ஃபேக்டரிய இழுத்து மூடிருவாங்க. கதவப் பூட்டு. நான் சொல்லாம தொறக்காத." குழாய் வெடித்ததும் சின்ன முதலாளி சொன்னது அவ்வளவுதான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே, ஓடிவந்து அந்தப் பூட்டைப் போட்டது மேனேஜர்தான்.

சாவி இவ்வளவு நேரமும் அவர் சட்டைப் பையில் இருந்தது.