சிமியோனின் வலக்கை

இது நோவைப் பற்றிய கதை. கேட்கும்போது உங்கள் உடம்பிலும் எங்காவது சுருக்கென்றால் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாரி முடிகிற காலம். குருநகர்ச் சிமியோனும் அவன் மனைவி மார்கிரட்டின் தமையன் அடைக்கலநாதனும் கடனீரேரியில் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று தாழ வந்து சுட்டது. வள்ளத்தின் முன்பக்கம் சிதறிப் பறந்தது. ஒரு சன்னம் சிமியோனின் வலது மேற்கையைத் துளைத்து மறுபக்கத்தால் போயிற்று. அடைக்கலநாதன் அவனைத் தலைமயிரில் பிடித்து, கழுத்தளவு தண்ணீரில் கரைவரை இழுத்துக்கொண்டு வந்தான்.

காயம் ஆறியது. நோ அதற்குப் பிறகுதான் வந்தது.

விரல்நுனியிலிருந்து முழங்கைவரை கொள்ளிக்கட்டையை உள்ளே செருகி வைத்ததுபோல் எரிந்தது. சட்டை உரசினால் எரியும், காற்றுப் பட்டால் எரியும், பக்கத்தில் ஒருவர் உரக்கத் தும்மினால்கூட எரியும். மண்டைதீவுப் பக்கமிருந்து ஷெல் கூவி வந்து விழும்போது ஊரே பதுங்குகுழிக்கு ஓடும். சிமியோன் ஓடமாட்டான். நின்ற இடத்திலேயே விழுந்து சுவரில் தலையை இடிப்பான். மற்ற நேரமெல்லாம் கையை ஈரத் துவாயால் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருப்பான்.

சுகம் விசாரித்துத் தோளில் தட்டிய ஒருவனின் மூக்கை இடக்கையால் உடைத்தான். கஞ்சிக் கோப்பையைக் கொஞ்சம் ஓசைப்பட வைத்ததற்காக மார்கிரட்டின் காதோடு சேர்த்து அறைந்தான். அந்தக் காது அவளுக்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை. அடித்துவிட்டு அழுவான். அழுத பிறகும் கை எரியும். திரும்பவும் அடிப்பான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் செல்வத்துரை கையைத் தொடாமலே பார்த்தார்.

“நரம்பு பாதி அறுந்துபோய்க் கிடக்கு. அந்த இடம்தான் ஓயாமல் கத்துது.”

“அதின்ரை வாயை மூடுங்கோ டொக்டர்.”

“கழுத்துக்குள்ளை ஊசி போட்டு மரக்கப் பண்ணலாம். அது கொழும்பிலை. போவியளோ?”

கூட வந்திருந்த மார்கிரட்தான் சொன்னாள்.

“கிளாலிக் கடலைக் கடந்தாலும் வவுனியாவிலை ஆமிக்காரர் சேட்டைக் கழட்டச் சொல்லுவாங்கள். உந்தச் சூட்டுத் தழும்பைக் கண்டால் இயக்கமெண்டு பிடிச்சுப்போடுவாங்கள், ஆளைத் திருப்பித் தருவாங்களோ?”

டொக்டர் கொழும்புக்கு எழுத எடுத்த கடதாசியைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

“இஞ்சை நோவுக்குப் போடுற பெத்தடின் ஊசி?” என்றான் சிமியோன்.

“அது வயிறு கிழிஞ்சு வாற ஆக்களுக்கே காணாது. தந்தாலும், பிறகு நோவை விட்டிட்டு ஊசிக்கு அழுவியள்.”

“அப்ப வெட்டுங்கோ.”

“வெட்டலாம். கை போகும். நோ போகுமெண்டு நான் சொல்லமாட்டன்.” டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வலிப்புக்குக் குடுக்கிற குளிசை ஒண்டு இருக்கு. மருந்துக் கப்பல் வந்தால் கிடைக்கும். அதோடை, கையைப் பொத்தி வையாமல் நாளாந்தம் அசைக்கவேணும். பாதி குறையலாம்.”

“பாதியோ?” சிமியோன் சிரித்தான். “பாதி ஓட்டையை அடைச்ச வள்ளத்திலை நீங்கள் ஏறுவியளோ டொக்டர்?”

வீட்டுக்கு வந்ததும் அடைக்கலநாதன் ஒரு வழி சொன்னான்.

“மச்சான், நீ சொல்லுற எரிவு திருக்கை குத்தின எரிவெல்லோ?”

சிமியோன் நிமிர்ந்தான். “ஓம். அச்சொட்டா அதுதான்.”

திருக்கை மீனின் வால்முள் குத்தினால் குருநகரில் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்துக் கையை அமுக்குவார்கள். சூடு நஞ்சைக் கொல்லும், எரிவு அடங்கும். இருவரும் சின்ன வயதிலிருந்து அதைச் செய்து சுகப்பட்டவர்கள்தான். எவ்வளவு சூடு என்பதைக் குத்துப்பட்ட கையே சொல்லிவிடும். அந்த நம்பிக்கையில்தான் பானையை அடுப்பில் ஏற்றினார்கள்.

காற்றுக்குத் துள்ளுகிற அந்தக் கைக்குச் சூடு தெரியாமல் போயிருந்ததை அவர்கள் எப்படி அறிவார்கள்? நரம்பு அறுந்தால் அப்படியும் ஆகுமாம். டொக்டர் பிறகுதான் சொன்னார்.

“எப்பிடி மச்சான்?”

“சூடே தெரியேல்லை.” சிமியோனின் முகம் மலர்ந்திருந்தது. “நஞ்சு இழுக்குது போலை. இன்னும் ஊத்து.”

மீன் விற்றுவிட்டுச் சந்தையிலிருந்து வந்த மார்கிரட் ஆவியைக் கண்டாள். “அண்ணை, உது கொதிதண்ணியெல்லே?”

“நீ சும்மா இரு. திருக்கை உன்னைக் குத்தினதோ?”

மனம் பொறுக்காதவர்கள் இந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையை வெளியே எடுத்தபோது தோல் பானைக்குள்ளேயே கிடந்தது. ஒரு மூச்சு நேரம் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிமியோனின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கு அயல்வீட்டு நாய் வேலிக்குள்ளால் புகுந்து ஓடியது. இடக்கையால் பானையைத் தூக்கி அடைக்கலநாதனின் முகத்தில் எறிந்தான். அவன் நெற்றி பிளந்தது, கழுத்து வெந்தது. பிடிக்க வந்த மார்கிரட்டின் தாடையில் குத்தினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுடைய கேளாத காதுக்கும் கேட்டது.

டொக்டர் சிமியோனின் கையைக் கழுவிக் கட்டினார், மார்கிரட்டின் தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டினார். பிறகு கேட்டார். “இன்னும் ஏதேனும் வைத்தியம் மிச்சமிருக்கோ?”

வெந்த புண் ஆற ஆற எரிவு முன்னையதைவிடக் கூடிற்று. சிமியோனின் நினைப்பெல்லாம் வெட்டுவதிலேயே நின்றது. அரியாலையில் ஹெக்டர் என்றொரு ஓய்வுபெற்ற வீதி ஓவசியர் இருந்தார். ஷெல்லில் கால் சிதறி, முழங்காலோடு எடுக்கப்பட்டவர். வெட்டுப்பட்டவரிடமே கேட்போம் என்று அடைக்கலநாதன் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

“வெட்டினாப்போலை நோ நிண்டிட்டுதோ ஐயா?” என்று கேட்டான் சிமியோன்.

“என்ரை காலை ஆஸ்பத்திரி வளவு மண்ணுக்குள்ளை தாட்டவங்கள், தம்பி. இப்பவும் பெருவிரல் நகக்கண்ணுக்குள்ளை ஆரோ ஊசி ஏத்துறான். ஆரெண்டு பாக்கக் குனிஞ்சால் அங்கை கால் இல்லை.” ஹெக்டர் தானே சிரித்தார். “ஆனால் பொய் சொல்லக்கூடாது. கொஞ்சம் குறைஞ்சதுதான். எனக்குக் குறைஞ்சது. பக்கத்துக் கட்டிலிலை கிடந்தவனுக்குக் கூடிப்போச்சு.”

“என்னெண்டு முடிவெடுத்தியள்?”

“எங்கை எடுத்தது? ஷெல்லெல்லோ எடுத்தது. உமக்குத்தான் யோசிக்க நேரம் கிடைச்சிருக்கு.”

ஹெக்டர் சொன்னதில் ‘குறைஞ்சது’ என்ற சொல்லை மட்டும் சிமியோன் கொண்டுவந்திருந்தான்.

அடுத்த நாள் மத்தியானம் சிமியோன், மார்கிரட் மீன் வெட்டும் பலகையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டான். அதன்மேல் கட்டுப் போட்ட வலக்கையை நீட்டினான்.

“மச்சான், கத்தியை எடு. டொக்டர் இழுத்தடிக்கிறார். நீ ஒரே வெட்டு. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

“விசர்க் கதை கதையாதை.”

“கொதிதண்ணி ஊத்தினது ஆர்? நீ. என்னை இந்தக் கோலமாக்கிப்போட்டு இப்ப நல்லவனோ? நீ வெட்டாட்டில் நானே வெட்டுவன். இடக்கையாலை வெட்டினால் ஒரு வெட்டிலை போகாது. அதைப் பாத்துக்கொண்டு நிப்பியோ?”

அந்தப் பேச்சுத்தான் அடைக்கலநாதனை அசைத்தது. நெற்றியில் தையல், கழுத்தில் பொக்குளம், கண்ணில் தண்ணீர். அவன் கத்தியை எடுத்தான், சாரத்தில் கையைத் துடைத்தான், ஓங்கினான்.

மார்கிரட் குசினிக்குள்ளிருந்து வந்தாள். ஓடி வரவில்லை. பலகைக்கு முன்னால் குந்தினாள். தாடைக்கட்டுக்குள்ளால் சொற்கள் நசிந்து நசிந்துதான் வந்தன.

“இடக்கையை வையுங்கோ.”

“என்னது?”

“வெட்டுறதெண்டால் இடக்கையை வையுங்கோ. உங்களுக்கு நோ தாறது வலக்கை. எனக்கு நோ தாறது மற்றது. இவ்வளவு நாளும் உங்கடை வைத்தியம்தானே பாத்தம். இண்டைக்கு என்ரையைப் பாப்பம்.”

ஓங்கிய கத்தி ஓங்கியபடியே நின்றது. சிமியோனின் இடக்கை முட்டியாக எழுந்தது. அவள் விலகவில்லை, கண்ணையும் மூடவில்லை. எழுந்த முட்டி அவளிடம் போகாமல் அவன் வாயிலேயே விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது. உதடு கிழிந்து ஒரு பல் முற்றத்து மணலில் போய் விழுந்தது. அடைக்கலநாதன் கத்தியை எறிந்துவிட்டு அவன்மேல் பாய்ந்து அழுத்திப் பிடித்தான். அவன் பிடிக்குள் கிடந்து சிமியோன் ஊளையிட்டான். மார்கிரட் எழும்பிப் போய் உலையில் அரிசி போட்டாள்.

மறுநாள் காலை டொக்டரின் மேசைக்கு முன்னால் வீங்கிய வாயோடு சிமியோன் இருந்தான்.

“என்ன முடிவு?”

“வெட்டவேண்டாம்.”

“ஏன் மாறினனீர்?”

“வெட்டியும் நோ போகாட்டில், பிறகு ஆரிலை பிழை சொல்லுறது?” அவன் மார்கிரட்டைப் பார்க்கவில்லை. “அந்தப் பாதியைத் தாங்கோ.”

டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். கையை எப்படி விரிப்பது, மடக்குவது என்று காட்டினார். கட்டின்மேல் சுற்றியிருந்த ஈரத் துவாயை வாங்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டார். சிமியோன் அந்தக் கூடையைப் பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

குளிசை பாதியளவுகூடக் குறைக்கவில்லை. கொஞ்சம் குறைத்தது. விரல்களை விரிக்கும்போது பாயைக் கடித்துக்கொண்டு செய்தான். ஒருநாள் விரித்து முடிகிற நேரம் பெருங்காற்றடித்து வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவன் உடம்பு முழுக்கத் துள்ளியது. இடக்கை மேலே எழுந்தது. தண்ணீர்ச் செம்போடு வந்துகொண்டிருந்த மார்கிரட் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவள் பின்வாங்கியதை அவன் கண்டான். எழுந்த கையைக் கீழே இறக்கி, தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் தன் முழுப் பாரத்தோடும் இருந்தான். வேர்வை ஒழுகியது. பல்லில்லாத இடத்தால் மூச்சுச் சீறியது.

“செம்பை வைச்சிட்டுப் போ,” என்றான். “நான் எழும்பமாட்டன்.”

அவள் செம்பை எட்ட வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று, அவன் எழும்புகிறானா என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.