ஏழு லட்சம் கண்

அருள்மலர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்த்துச் சிரித்தாள். எதிரே ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் யூலியனின் விரலில் ஊசி ஏறியது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை.

லோவ்ரோ பெச்சார். ஸ்லோவேனியாக்காரன். ஒருகாலத்தில் கால்பந்தில் பின்கள ஆட்டக்காரன். ஓய்வுபெற்ற பிறகு தேனீ வளர்க்கிறான். தாடியில் தேனீ ஊர ஊர, பழைய ஆட்டக் கதைகளை அளப்பான். அந்த வீடியோக்களைப் பார்க்க ஏழு லட்சம் பேர். தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலில் இந்தத் தையல்கடையிலும் ஒருத்தி.

“விளையாடின காலத்திலை அவனை ஒருத்தருக்கும் தெரியாது. எல்லா மட்சிலையும் மஞ்சள் அட்டை,” என்றான் யூலியன்.

“உங்களுக்குச் சிவப்பு அட்டையெல்லோ!” என்றவள், பெச்சாருக்கு ஓர் இதயத்தைத் தட்டிவிட்டாள்.

அந்த இதயம்தான் அவனைச் சுட்டது. யூலியனும் பின்கள ஆட்டக்காரன்தான். புறநகர் ஸ்தேனில் தமிழர் கிளப்புக்கு இன்றும் ஞாயிறுதோறும் இறங்குகிறான். மனைவியிடமிருந்து ஓர் இதயம்? கிடையாது.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் நண்பன் இராஜேந்திரனிடம் ஃபோனைக் கொடுத்தான்.

“நான் சறுக்கிப் பந்தை எடுக்கேக்கை முகம் வடிவா விழவேணும்.”

“வயிறும் விழும் அண்ணை, பரவாயில்லையே?”

வீடியோவுக்குக் கனடா, லண்டன் என்று இதயங்கள் வந்தன. யூலியன் தேடிய பெயர் மட்டும் இல்லை. மறுநாள் மத்தியானம், கடைக்குப் பின்னால் இருந்த சமையலறையில், ஃபோனை அவள் முன் நீட்டினான்.

“ஊரான் தேனீ பிடிச்சாலும் போடுறீர். எனக்குப் போட விரல் வராதோ?”

அருள்மலரின் முகம் வெளிறியது. “ஐயோ, இவ்வளவு பேர் பாத்திட்டினமே? கப்போடை நிண்ட உங்கடை படத்தை முந்தி நான்தானே போட்டனான். ‘என்ன உடம்பு’ எண்டு எல்லாரும் எழுதிச்சினம். அடுத்த கிழமையே முழங்கால் முறிஞ்சுது. மறந்திட்டீங்களே? இருங்கோ, நாவூறு கழிப்பம்!”

யூலியனுக்கு உச்சி குளிர்ந்தது. என் கால் மீது இத்தனை பயமா இவளுக்கு!

செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளி, தலையிலிருந்து முழங்கால்வரை சுற்றிச் சட்டியில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது. படாவிட்டால் இருமல் பிய்த்துவிடும் என்பது அவள் கணக்கு. மிளகாய் கருகியது. இருவருக்கும் இருமல் பிய்த்தது. கூரையில் புகை அலாரம் அலறியது.

“அப்பாடா!” இருமலுக்கு நடுவே அவள் சிரித்தாள். “ஒரு கண்ணும் படேல்லை!”

“ஒண்டுகூடவோ?” ஜன்னலைத் திறந்துவிட்டபடி கேட்டான் யூலியன்.

“ஓம். இனிப் பயமில்லை.” அவள் அவனுடைய வீடியோவுக்கு ஓர் இதயத்தைத் தட்டினாள். கேட்டது கிடைத்தும் அவன் முகம் மலரவில்லை.

அவள் இன்னொரு பிடி மிளகாயை எடுத்து, ஃபோனில் சிரித்த பெச்சாரைச் சுற்றிச் சட்டியில் போட்டாள். யூலியன் மூக்கை நீட்டி இழுத்துப் பார்த்தான். இரும முயன்றான். திறந்த ஜன்னல் வழியே காற்று சில்லென்று வந்தது. நெடியே இல்லை.

“பாத்தீங்களே,” என்றாள் அருள்மலர், கவலையோடு. “பாவம் மனுசன், எவ்வளவு கண்!”

யூலியன் ஜன்னலை ஓங்கிச் சாத்தினான்.

“இப்ப இன்னொருக்காச் சுத்தும் பாப்பம்!”