நனையாத இருபது மூட்டை

தரைக்குக் கீழே இருந்த கிடங்கில் தண்ணீர் முட்டியைத் தொட்டபோது கடைச் சிப்பந்தி சண்முகவேல் பதினான்காவது மூட்டையைத் தூக்கிச் சுப்பம்மாவின் தலையில் வைத்தான். மூட்டைக்கு நாற்பது சேலை. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள், இறக்கினாள், மறுபடியும் இறங்கினாள். தி.நகரின் அந்த ஜவுளிக் கடையில் அவளுக்கு வேலை பெருக்குவதும் துடைப்பதும்தான். ஆனால் பல நாளாகக் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்த புயல், ரேடியோவில் கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துப்போன பிறகு, அன்று நிஜமாகவே வந்துவிட்டது. சாக்கடை எதிர்த்துக்கொண்டு கிடங்குக்குள் வந்தது. கடையில் இருந்ததே ஐந்து பேர். முதலாளி வீட்டு போன் செத்திருந்தது.

"ஆத்தோரம் வூடு, சம்முகம். பொண்ணு தனியா கீது. நான் கெளம்பறேன்."

"இன்னும் ஆறுதாம்க்கா. சரக்கக் காப்பாத்திட்டோம்னா மொதலாளி நம்மள மறப்பாரா?"

இருபதாவது மூட்டை மேலே போனபோது பஸ் எல்லாம் நின்றிருந்தது. நந்தனத்தில் மரங்கள் ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டன என்றார்கள். சுப்பம்மா அந்த ராத்திரியைக் கடையின் மூன்றாவது மாடியில், ஒரு சேலைகூட நனையாத இருபது மூட்டைகளுக்குப் பக்கத்தில், நனைந்த சேலையோடு உட்கார்ந்து கழித்தாள்.

காலையில் முதலாளி அய்யாதுரை மேற்கு மாம்பலத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. நேராகக் கிடங்குப் படிக்குப் போய் எட்டிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீர், அதில் ஒரு செருப்பு, இரண்டு எலி. வேறொன்றும் இல்லை.

"சரக்கு எங்கல?"

"எல்லாம் மேல பத்திரமா இருக்கு அண்ணாச்சி. ஒரு நூலு நனையல."

சண்முகவேல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அய்யாதுரையின் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"கோட்டிப்பயலே! யாருல ஒன்ன ஏத்தச் சொன்னது?"

"தண்ணி வந்துச்சு அண்ணாச்சி..."

"வரும்னுதாம்ல அதக் கீழ போட்டு வச்சிருந்தேன்! மூணு தீபாவளியா ஒரு பொம்பள தொட்டுப் பாக்காத சரக்கு. வருசா வருசம் இன்சூரன்சு எதுக்குல கெட்டுதேன்? ஒனக்கு மால போடவா?" மணியைப் பார்த்தார். "வார வழியிலேயே இன்சூரன்சு ஆபீசுல சொல்லியாச்சு. ரெண்டு மணிக்கு சர்வேயர் வாராரு. பூராத்தையும் கீழ எறக்கு."

கடையில் விசுவாசம் என்று இதுவரை எதைச் சொல்லிவந்தாரோ அதைத்தான் செய்திருந்தார்கள். இப்போது அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. "அக்கோவ்!" கோட்டூர்புரத்தில் பக்கத்துக் குடிசை இனாயத், இடுப்பு வரை சேறோடு சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா ஆச்சு?"

"உன் வூடு பூட்ச்சுக்கா. செவுரே இல்ல. பொண்ணு இஸ்கூல்ல கீது, எல்லாரையும் அங்கதான் அடைச்சு வெச்சுகீறாங்க. ஜுரம் கொதிக்குது. நேத்துலேர்ந்து அதே ஈரப் பாவாட. மாத்தி வுட அங்க யாராண்டயும் துணி இல்ல. காஞ்ச துணி எதுனா எட்துகினு வா, இட்டுகினு போறேன்."

சுப்பம்மா முதலாளியிடம் ஓடினாள்.

"மொதலாளி, கேட்டீங்கல்ல. நான் போவணும். அப்பிடியே ஒரு துணி குடு. எப்டியும் நனைக்கப் போறதுதான? நனையறதுக்கு முன்னாடி ஒண்ணு குடு."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"எண்ணூறுன்னு புஸ்தகத்துல இருக்கு. சர்வேயர் எண்ணிப் பாப்பாரு. ஒண்ணு கொறஞ்சா என்னயல்லா திருடன்னுவாரு? நாணயமா தொழில் பண்ணுதேன் நான்." குரலைத் தாழ்த்தினார். "அவரு போனப்புறம் போ. இப்பம் நீ வெளிய போயி வாய விட்டேன்னா?"

"நான் யாராண்ட சொல்லப் போறேன் நைனா?"

"வேல வேணும்லா ஒனக்கு?"

வாசலில் நின்ற இனாயத் ரிக்‌ஷாவைத் திருப்பினான். "நான் போயி பொண்ண பாத்துக்கறேன்க்கா. நீ சீக்கிரம் வா," என்று ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டு போனான்.

மூட்டைகள் இறங்கின. முதல் மூட்டையைத் தண்ணீருக்குள் தள்ளச் சண்முகவேல் காலைத் தூக்கியபோது அய்யாதுரை அலறினார். "மிதிக்காதல! லெச்சுமில்லா அது! கையால முக்கு." தானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் பயபக்தியோடு நின்றார். சுப்பம்மாவும் மற்றவர்களும் லட்சுமியை ஒவ்வொரு மூட்டையாகக் கையால் அமுக்கிச் சாக்கடையில் முக்கினார்கள். சேலைகள் உடனே முழுகவில்லை, காற்றை விட்டுவிட்டு மெதுவாகத்தான் போயின.

சர்வேயர் பரத்வாஜ் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை நாலு மடிப்பு மடித்து, ஆனால் மூன்றாவது படிக்குக் கீழே ஓர் அடிகூட இறங்காமல், அடிக்குச்சியைச் சண்முகவேலிடம் நீட்டி ஆழம் பார்க்கச் சொன்னார். மூக்கில் கைக்குட்டை.

"இயற்கைக்கு முன்னாடி மனுஷன் என்ன சார்! ஒரு தூசு."

"என் அப்பன் காலத்து ஒழப்பு சார்," என்றார் அய்யாதுரை. கண்ணில் நீர்கூட வந்திருந்தது.

"நான் இருக்கறத இருக்கறபடிதான் எழுதுவேன். இருபத்தோரு வருஷ சர்வீஸ்ல வெளியில ஒரு காப்பி குடிச்சதில்லே. நனையாதத நனைஞ்சதுன்னு எழுதச் சொன்னேள்னா என்னால ஆகாது."

"நீங்களே பிழிஞ்சு பாருங்க சார்."

பிழிந்து பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பரத்வாஜ் திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் பையைத் திறந்து பெரிய கத்திரிக்கோல் ஒன்றை எடுத்தார்.

"போன வருஷம் ஒருத்தன் கிளெய்ம வாங்கிண்டு, அதையே தோச்சு மறுபடி வித்துட்டான். அதுனால ஒவ்வொண்ணையும் குறுக்க வெட்டிடணும். என் முன்னாடி." சுற்றிப் பார்த்துச் சுப்பம்மாவிடம் நீட்டினார். மற்றவர்கள் கிடங்கிலிருந்து தூக்கி வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கை காலியாக இருந்தவள் அவள்தான்.

ஈரத் துணியில் கத்திரி சுலபமாக ஓடவில்லை. அவள் வெட்ட, பரத்வாஜ் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக் குறித்தார். விரலில் கொப்புளம் வந்து உடைந்தது. மணி ஆறாகிவிட்டது. எண்ணூறாவது உருப்படி சேலை இல்லை. சின்னப் பெண்ணுக்குத் தைக்கிற பாவாடைத் துணி, மயில்கழுத்து நிறம். மூட்டை நடுவில் இருந்ததால் ஓரம்தான் நனைந்திருந்தது. மீதி மொடமொடவென்று காய்ந்தே இருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சார், இது நனையவே இல்ல சார்."

பரத்வாஜ் இரண்டு விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நனைஞ்சிருக்கே. எழுதியாச்சு."

பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. அய்யாதுரை கைகட்டி நின்றார். சுப்பம்மா துணியை மடியில் போட்டுக் கத்திரியை வைத்தாள். நடுவில் மாட்டிக்கொண்டது.

"ஜரிகை," என்றார் பரத்வாஜ் பொறுமையாக. "கொஞ்சம் அழுத்தி வெட்டும்மா."