அனுப்பியதும் சேர்ந்ததும்

“சர்வர் பதிவைத் திறந்து காட்டுங்க.”

அவள் கேட்டதும் அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. நிறுவனத்தில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்: மின்நூல் ரீடருக்குள் ஓடும் நிரல் அவள் பொறுப்பு, சர்வர் ‘அண்ணன்’ பொறுப்பு, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் அண்ணனான அவர், முதலாளியின் மைத்துனர்.

“உனக்கெதுக்கும்மா அது?” சிரித்துக்கொண்டே மடிக்கணினியின் மூடியை மெல்லத் தாழ்த்தினார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

நூலகம் இரவல் கொடுக்கும் ரீடர்களில் புத்தகங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன, வாசகர்கள் எழுதிவைத்த குறிப்புகளோடு. தவறு ரீடர் நிரலில்தான் என்று நூலகத்துக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் ஒன்று காலையில் அவள் மேசைக்கு வந்தது. அடியில் அவள் பெயர். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு அச்சாகிவிட்டது.

நேற்றே அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். முப்பது புத்தகம் இறங்க வேண்டிய ரீடரில், பன்னிரண்டு இறங்கியதும் வைஃபையை அணைத்தாள். மறுபடி இணைத்தபோது மீதிப் பதினெட்டும் வரவில்லை. வாசகர் கணக்கிலிருந்தே போய்விட்டன, அவற்றின் பழைய குறிப்புகளோடு.

“அனுப்பின உடனே ‘சேர்ந்தாச்சு’ன்னு சர்வர் குறிச்சுக்குது. ரீடர் ‘வந்துடுச்சு’ன்னு சொல்ற வரைக்கும் பொறுக்கிறதில்ல. அடுத்த தடவை ரீடரைப் பாத்தா பதினெட்டைக் காணோம். வாசகரே அழிச்சுட்டார்னு நெனச்சு அதுவும் அழிச்சிடுது. அப்படித்தானே?”

“நல்லா கதை விடுற.”

“பதிவைக் காட்டுங்க. எப்ப அனுப்புச்சு, எப்ப அழிச்சுதுன்னு அதுல இருக்கும். கதையான்னு தெரிஞ்சிடும்.”

அண்ணனின் குரல் இறங்கியது. “உங்க வீட்ல மொத பட்டதாரி நீ. அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருப்பாரு. வேலை போச்சுன்னா அவர் மூஞ்சிய எங்க வெச்சுக்குவாரு? ஒரே ஒரு கையெழுத்தும்மா.”

அப்பாவைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? நீட்டிய காகிதத்திலெல்லாம் கைநாட்டு வைத்து நிலத்தைத் தொலைத்தவர் அப்பா.

“பதிவு?”

“அது... போன வாரம் அழிஞ்சுபோச்சு.”

“அழிஞ்சுதா, அழிச்சீங்களா?”

பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் பாட்டிலை வெகு கவனமாக மூடிக்கொண்டிருந்தார்.

கையெழுத்தில்லாத கடிதத்தை அண்ணன் முன்னால் வைத்தாள். நூலகத்தின் ரீடரைக் கைப்பைக்குள் போட்டாள்.

“ஏய், எங்க கெளம்பிட்ட?”

“நூலகத்துக்கு. அவங்க கண்ணு முன்னாடியே வைஃபையை அணைச்சுக் காட்டப்போறேன்.”

“போனா திரும்பி வராதே!”

கதவைச் சாத்தாமலேயே அவள் படியிறங்கினாள்.