காதைப் பிடித்துத் தூங்கியவள்

கிரான்பர்ன் நூலகத்தில் புலம்பெயர்ந்தோருக்காகச் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு வதனி போவாள். அன்று வாசிக்கக் கொடுத்த தாளில் ஹானா வீலர் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதை இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாஸ்டனில் வாழ்ந்தவள். கணவன் கடலில் இறந்தபின் வீடு வீடாகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். மிச்ச நேரத்தில் பாட்டு எழுதினாள். அச்சான தாள்களில் அவள் பெயர் இல்லை. ‘ஒரு சீமாட்டி இயற்றியது’ என்று மட்டும் இருக்கும். ஒரு மாலை அவள் பனியில் நடந்து வருகையில், யாருடைய வீட்டு ஜன்னலுக்குள்ளோ அவளுடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்டுவிட்டு நடந்துபோனாள்.

“விசரி. கதவைத் தட்டியிருக்கலாமே?” என்றாள் கலா. கீரை பொதியிடும் தொழிற்சாலையில் வதனியோடு வேலை செய்பவள்.

“தட்டி என்ன சொல்லுறது?” என்றாள் வதனி.

“என்ர பாட்டெண்டுதான்! நானெண்டால் உள்ளுக்கை போய்த் தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் வந்திருப்பன்.”

அப்போது கலாவின் கைபேசி ஒலித்தது. அதில் வைத்திருந்த அழைப்புப் பாட்டு வதனி எழுதிய தாலாட்டு. கலாவுக்கு அது தெரியாது. வதனி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூடியூபில் அதைப் பாடியவள் பிரியந்தினி, வதனிக்குத் தெரிந்த ஒரு பாட்டுக்காரி. பெயர் போட வேண்டாமென்று வதனிதான் கேட்டுக்கொண்டாள். வதனி அகதியாகப் படகில் வந்தவள்; விசா வழக்கு இன்னும் முடியவில்லை. “கேஸ் முடியுமட்டும் பேரை வெளியில விடாதை பிள்ளை,” என்று அறை வாடகைக்குக் கொடுத்த அரியரத்தினம் அங்கிள் சொல்லியிருந்தார். ‘வரிகள்: ஒரு தாய்’ என்று போட்டார்கள். மூன்றாவது கண்ணியைப் பிரியந்தினி விட்டுவிட்டாள். “அது உங்கட வீட்டுக்கதை அக்கா. மற்ற ஆக்களுக்கு விளங்காது.”

விசாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த மகளிடம், உனக்காகத் தாலாட்டு எழுதினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆர்த்திகா கிளிநொச்சியில் பெரியம்மாவோடு வளர்கிறாள். இப்போது அம்மாவின் உயரம் இருப்பாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வதனி அழைப்பாள்.

“சாப்பிட்டியோ?”

“ஓம்.”

“படிக்கிறியோ?”

“ஓம்.”

பிறகு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான இரண்டு ‘ஓம்’களுக்குப் பிறகு மகள் தானாகப் பேசினாள்.

“அம்மா, பள்ளிக்கூடக் கலைவிழாவில நான் பாடப்போறன். ஆர் எழுதின பாட்டெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். பாடிக் காட்டட்டோ?”

பாடினாள். வதனி கட்டிலின் விளிம்பில் அமர்ந்து கேட்டாள். தன் சொற்கள் அந்தக் குரலில் வேறு யாருடையவையோ போல இருந்தன. இரண்டாவது கண்ணி முடிந்தது.

“நல்லாயிருக்கோ?”

நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். வாயைத் திறந்தபோது வந்தது மூன்றாவது கண்ணி.

*“காதைப் பிடிச்சுத் தூங்கினவளே*
*கையை மெல்ல எடுத்து வைச்சேன்*
*தோடு கழற்றித் தலைமாட்டில் வைச்சேன்*
*தேடிப் பார்ப்பாய் என்றெண்ணி வைச்சேன்”*

 

“அது வீடியோவில இல்லையே,” என்றாள் ஆர்த்திகா மெல்ல.

“ஓம். அதை அவை சேர்க்கேல்லை.”



“அந்தத் தோடு என்னட்டைத்தான் இருக்கு,” என்றாள் மகள். “இன்னொருக்காப் பாடுங்கோ. மெதுவாப் பாடுங்கோ, நான் எழுதோணும்.”